சென்னம்மாவின் குவைத்து முகம்

ஒரு பெண்ணின் முகம் திடீரென்று உருண்டு திரண்டால் ஊர் என்ன நினைக்கும் என்பதற்கு 1997ஆம் வருஷம் சின்னப்பட்டடையில் பதில் கிடைத்தது. வசதி வந்துவிட்டது என்று நினைக்கும்.

சின்னப்பட்டடை, நாகலாபுரத்தில் பஸ் இறங்கி மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். ஆட்டோ உண்டு. ஆட்டோ வராத நாட்களில், தங்களுக்கு இன்னும் நடக்க வருகிறது என்று ஊரார் நினைவுபடுத்திக்கொள்வார்கள். அந்த ஊரில் நாற்பத்தைந்து வயது வரை சென்னம்மாவின் முகத்தை யாரும் கவனித்ததில்லை. கவனிக்க அதில் அதிகம் இருந்ததுமில்லை. இரண்டு கன்ன எலும்பு, நடுவில் ஒரு மூக்குத்தி. அடுத்தவர் வயலில் இருபத்தைந்து வருஷம் நாற்று நட்டுக் களை பறித்து, பிறகு சர்க்கார் பட்டாவாகக் கொடுத்த இரண்டு ஏக்கரில் அதே வேலையைத் தனக்காகச் செய்துகொண்டிருந்த உடம்பு. அதில் சதை வந்து தங்க நேரமே கிடைத்ததில்லை.

அந்த முகம் எட்டே மாதத்தில் பூசணிக்காயாக உருண்டது. கன்னம் பளபளத்தது. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை முளைத்தது. பிடரியில் ஒரு மேடு வந்தது. சங்கிலி போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். குழாயடியில் அவளுக்கு முன்னால் குடம் வைத்திருந்தவர்கள், "நீ புடிச்சிக்கோக்கா" என்று ஒதுங்கினார்கள். 'சென்னி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 'சென்னம்மா' என்றார்கள். 'சென்னம்மா' என்றவர்கள் 'சென்னம்மாக்கா' என்றார்கள். முகத்தின் சுற்றளவுக்கும் பெயரின் நீளத்துக்கும் இருந்த சம்பந்தத்தை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் கணக்குச் சரியாக வந்திருக்கும்.

"குவைத்துக் களை வந்துட்ச்சி" என்றது ஊர்.

ஊர் சொன்னதில் பாதி உண்மை. வந்தது குவைத்திலிருந்துதான்.

சென்னம்மாவின் தங்கை பச்சையம்மாள் நான்கு வருஷத்துக்கு முன்னால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பர்களில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது யார் என்று சின்னப்பட்டடைக்குத் தெரியாது. வெளியே போனவர்களை மட்டும் பேர் சொல்லித் தெரியும். ஆண்கள் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் போனார்கள். துணிச்சல்காரப் பெண்கள் குவைத்துக்குப் போனார்கள். பச்சையம்மாள் அங்கே நான்கு மாடி வீட்டில் நான்கு மாடிக்கும் பளிங்குத் தரை துடைத்தாள்.

அவள் அனுப்பிய போட்டோ ஒன்று சென்னம்மா வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. பெரிய கார் ஒன்றின் பக்கத்தில் நிற்கிறாள். கார் தன்னுடையது இல்லை என்று அவளே சொல்லியும் ஊர் நம்பவில்லை. ஏனென்றால் அக்காவைவிட ஒல்லியாகப் போனவள், போட்டோவில் முழு நிலாவாக நின்றாள். அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு கார் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமைதோறும் நாகலாபுரம் எஸ்.டி.டி. பூத்துக்கு அவளிடமிருந்து போன் வரும். ஒரு வெள்ளிக்கிழமை சென்னம்மா தன் கஷ்டத்தைச் சொன்னாள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. முட்டி இரண்டும் வீங்கிக்கொள்கின்றன. வேர்க்கடலைச் செடி பிடுங்கக் குனிந்தால், நிமிர்வதற்கு ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது.

"அதுக்கு இங்க ஒரு மாத்திர கீதுக்கா," என்றாள் பச்சையம்மாள். "எங்க வூட்டுக் கெழவிக்கு இதே வலிதான். மூணாம் நாளு எழுந்து நடந்துட்ச்சி. எங்கமேல கத்தறதுக்கு இப்ப அதுவே மாடியேறி வருது."

அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருத்தி மூலம் பால்பவுடர் டப்பா நிறைய மாத்திரை வந்து சேர்ந்தது. உளுந்து அளவு வெள்ளை மாத்திரை. கிழவிக்கு டாக்டர் எத்தனை நாளைக்குக் கொடுத்தார், எப்போது நிறுத்தச் சொன்னார் என்பதெல்லாம் அட்டையில் அரபியில் எழுதியிருந்தது. பச்சையம்மாளுக்கு அரபியில் திட்டினால் புரியும்; படிக்க வராது. சென்னம்மாவுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை, எந்த மொழியும் படிக்க வராது. ஆனால் அந்த எழுத்தைப் பார்த்ததும் மரியாதை வந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அவளே தீர்மானித்தாள்.

முதல் மாத்திரையை விழுங்கும்போது, முட்டி சரியானால் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதாகவும் வேண்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் முட்டி சரியாகிவிட்டது. கோடாலித் தைல பாட்டிலைக் கரும்புத் தோட்டத்தில் வீசினாள். பெருமையை அம்மனுக்கும் மாத்திரைக்கும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தாள். பசி எடுத்தது. தின்றாள். முகம் உருண்டது.

அவள் புருஷன் கங்கையா, இந்த மாற்றத்தைப் பெருமையோடும் கொஞ்சம் கிலியோடும் பார்த்துக்கொண்டிருந்த மனிதன்.

"இன்னாமே, இப்டியே போனா ஒரு நாளு வாசக்கால்ல மாட்டிக்கினு நிக்கப் போற."

"வயித்தெரிச்சலு. என் தங்கச்சி அனுப்புது, நான் உப்பறேன். ஒனக்கின்னாய்யா?"

"ஒண்ணுமில்ல. மாட்டிக்கினா இழுக்கறதுக்கு நாந்தான வரணும்."

ஊரில் முட்டி இருந்தவர்கள் எல்லாரும் சென்னம்மாவைத் தேடி வந்தார்கள். அம்மன் கோயில் பூசாரி சின்னசாமியும் வந்தார். வருஷம் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்து முட்டி தேய்ந்தவர். குங்குமம் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அந்த மாத்திர இன்னும் கீதா சென்னம்மா?" என்றார். நான்கு மாதத்தில் அவர் முகமும் உருண்டது. அது பொங்கல் பிரசாதத்தின் வேலை என்று ஊர் முடிவு செய்தது.

இந்த இடத்தில் சின்னப்பட்டடைக்காரர்கள் மருந்து சாப்பிடுகிற முறையையும் சொல்லிவிட வேண்டும். நாகலாபுரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்த சந்திரசேகரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மறுத்ததில்லை. காய்ச்சல், இருமல், பல்வலி எதுவானாலும் இரண்டு கலரில் இருக்கும் கேப்சூலைத் தருவார். ஊரில் அதை யாரும் முழுசாகச் சாப்பிட்டதில்லை. காய்ச்சல் விட்டால் மாத்திரையையும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். மிச்சத்தை எறிவது பாவம், முழுசாகத் தின்பது பேராசை. எனவே மிச்சம் டப்பாவுக்குப் போகும். அந்தத் தெருவின் டப்பா சென்னம்மா வீட்டில் இருந்தது. பத்து கேப்சூல் உள்ள ஒரு பட்டையில் நாலு பேருக்கும் ஒரு ஆட்டுக்கும் குணமான வரலாறு உண்டு. குணமாகாதவர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை.

முகம் உருண்ட வருஷத்தில் சென்னம்மாவே அந்த டப்பாவை அதிகம் திறந்தாள். இடுப்பில் கட்டி வந்தது, இரண்டு கேப்சூல். மாதக்கணக்கில் இருமல், இரண்டு கேப்சூல். வாய்க்குள் தயிராடை மாதிரி வெள்ளை படிந்தது, மறுபடி இரண்டு. ஒன்று அடங்கினால் இன்னொன்று கிளம்பியது. ஊரின் கண் பட்டிருக்கிறது என்று கங்கையா ஒரு பூசணிக்காயை வாங்கி வந்து அவள் முகத்தைச் சுற்றி உடைத்தான். சுற்றும்போது எது பூசணிக்காய் என்று ஒரு கணம் தனக்குச் சந்தேகம் வந்ததாக அவனே பிற்பாடு சொல்லிச் சிரித்தான்.

அடுத்த வருஷம் ஆடி மாதம். திரௌபதி அம்மனுக்குக் கொடியேற்றி, தீ மிதிக்கிறவர்களுக்குப் பத்து நாளுக்கு முன்னால் காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதைக் கட்டிக்கொண்டவர்கள் செருப்புப் போடக் கூடாது, உடம்பில் ஊசி படக் கூடாது, எல்லைக் கல்லைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வேண்டுதலை நிறைவேற்ற சென்னம்மாவும் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வேப்பிலை ஒடிக்கப் போன இடத்தில் வேலிகாத்தான் முள் ஒன்று சுண்டு விரலுக்கு அடியில் ஆழமாக ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மறுநாள் பாதம் சிவந்தது. மொபெட்டில் ஊருக்குள் வந்த சந்திரசேகரிடம் காட்டினாள். அவர் தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிறவர்.

"ஜுரம் உந்தா அம்மா?"

"காச்சலா? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஜுரம் லேதா? அப்ப ஏமி காது, ஒண்ணும் ஆவாது. ரெண்டு கேப்சூல் போட்டுக்கோ."

"டப்பால கீது."

"மஞ்சிதி, நல்லது," என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இரண்டு கேப்சூல் போட்டாள். சிவப்பு கணுக்காலைத் தாண்டியது. வேறு கலரில் இரண்டு போட்டாள். சிவப்பு கெண்டைக்காலுக்கு ஏறியது. சுண்டு விரல் கருநீலமாகி, பக்கத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது. காய்ச்சல் மட்டும் வரவில்லை. வலியும் பெரிதாக இல்லை. காய்ச்சலும் வலியும் இல்லாத ஒன்றை வியாதி என்று எப்படிச் சொல்வது? முட்டிக்கான வெள்ளை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, அந்தக் காலோடு கோயிலைச் சுற்றி வந்தாள்.

ஆறாம் நாள் காலையில் சென்னம்மா களி வேண்டாம் என்றாள். ஒரு வருஷமாக வேண்டாம் என்ற சொல்லை அந்த வீட்டில் கங்கையா கேட்டதில்லை. கீரைக் கடைசலைக் காட்டினான். அதுவும் வேண்டாம் என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். உதடு உலர்ந்திருந்தது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னாள். கங்கையா ஓடிப்போய்ப் பூசாரியைக் கூட்டி வந்தான்.

சின்னசாமி குனிந்து காலைப் பார்த்தார். கொப்புளத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"லேசாத்தான் கீதுண்ணா."

"இப்டிக் கீற காலு லேசா வலிச்சா அது நல்லதில்லமா." வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கினார். உள்ளங்கை அகலத்துக்குப் புதுத் தழும்பு. "வைகாசில மச்சான் ஊட்டுக்குப் போறேன்னு போனேனே. மச்சான் ஊடு இல்ல. திருப்பதி ஆஸ்பத்திரி. பதினோரு நாளு."

"இன்னாத்துக்கு?"

"ஒரு கட்டி. கொட்டப்பாக்கு அளவுதான். காச்ச இல்ல, வலி இல்ல, உள்ள குடம் கணக்கா சீழு. அந்த வெள்ள மாத்திரதான் எல்லாத்தயும் மூடி வெச்சிருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப எனக்குக் கொறச்சிக்கினே வராங்க."

கங்கையாவுக்குக் கோபம் வந்தது. "அன்னிக்கே சொல்லக் கூடாதாண்ணா?"

"எப்டிடா சொல்றது? ஊருக்கே குங்குமம் குட்த்து வலி போவும்ன்றவன், முட்டிக்கு மாத்திர துன்னேன்னு சொல்லச் சொல்றியா?" பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். இப்ப மொதல்ல இவள வண்டில ஏத்து."

சென்னம்மாவுக்கு அதுவரை இல்லாத தெளிவு வந்தது. கையைத் தூக்கி மஞ்சள் கயிற்றைக் காட்டினாள்.

"இத்தக் கட்டிக்கினு எல்ல தாண்டுவனா? நாலு நாளுதான கீது. மிதிச்சிட்டு வரேன்."

"இந்தக் காலோட மிதிச்சா, அடுத்த வருசம் மிதிக்கறதுக்குக் காலு இருக்காது."

"அம்மனுக்குச் சொன்ன வார்த்தண்ணா."

பூசாரி யோசித்தார். கட்டின காப்பை நடுவில் அவிழ்ப்பது அந்த ஊரில் நடந்ததில்லை. ஆனால் அதை வீட்டில் இன்னொருவர் கைக்கு மாற்றிக் கட்டுவது நடந்திருக்கிறது. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் அம்மனுக்கு ஒரே உடம்பு. அவர் மெல்லத் திரும்பிக் கங்கையாவைப் பார்த்தார். கங்கையா மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

கங்கையாவைப் பற்றி ஊருக்குத் தெரிந்த ஒரு விஷயம், அவனுக்கு நெருப்பு ஆகாது என்பது. தீமிதி நடக்கிற நாளில் அவன் மைக்செட்காரரோடு உட்கார்ந்து ஒயர் பார்த்துக்கொள்வான்.

"எனக்குக் கால்ல வெடிப்பு கீதுண்ணா."

"எல்லாருக்கும் கீது."

"கரும்புக்குத் தண்ணி கட்டணும்."

"கட்டலாம். எல்லைக்கு உள்ளதான கீது தோட்டம்."

சுவரில் சாய்ந்திருந்த சென்னம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "இந்த ஆளா? பீடியயே என் கையில குட்த்து அடுப்புல பத்த வெச்சி வாங்கிக்கினு போவாரு. இவரு தீ மிதிக்கப் போறாராம்."

சிரித்து முடிக்கும் முன் மூச்சு வாங்கியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கங்கையா அதைப் பார்த்தான். பிறகு பூசாரியிடம் கையை நீட்டினான்.

"கட்டுங்கண்ணா."

ஆட்டோ வந்தது. பக்கத்து வீட்டுக் கமலம்மா சென்னம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டாள். காப்புக் கட்டின கங்கையா பின்னாலேயே ஓடி வந்து எல்லைக் கல்லில் நின்றான். அதற்கு மேல் ஒரு அடி வைக்க அவனுக்கு உரிமை இல்லை. வண்டி வளைவில் மறைகிற வரை கல்லின் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பார்த்தவர் டாக்டர் வரலக்ஷ்மி. பூசாரியின் தொடையைத் திறந்தவரும் அவர்தான். கால், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். பிறகு சென்னம்மாவின் கன்னத்தையும் பிடரி மேட்டையும் பார்த்தார்.

"தினம் என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?"

"ஒண்ணும் சாப்புடறதில்ல டாக்டரம்மா."

"குவைத்து மாத்திர சாப்புடுது," என்றாள் கமலம்மா.

"அது மாத்திரயா? அது முட்டிக்கு."

கமலம்மா முந்தானையில் முடிந்து வந்திருந்த அட்டையை நீட்டினாள். அரபி எழுத்துக்குக் கீழே பொடியாக இங்கிலீஷ் இருந்தது. டாக்டர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "உங்க முகம் இப்படி உருண்டதும் இதோட வேலைதான். நம்ம ஜில்லாவுலயே இதை உளுந்து மாதிரி அள்ளிக் கொடுக்கறாங்க. இதுக்காகக் கடல் தாண்டி வரணுமா?"

மணிக்கட்டு நரம்பில் ஊசி ஏறியது. காப்புக் கட்டியிருந்த இடத்தில் மஞ்சள் கறை இன்னும் இருந்தது. சென்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காச்சலே இல்லியே டாக்டரம்மா. காச்ச இல்லாம எதுக்கு இத்தினி ஊசி?"

"காய்ச்சல் இல்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு. உங்க ஊர்ல திருடன் வந்தா நாய் குலைக்குமா?"

"குலைக்கும்."

"நாய்ங்களுக்கெல்லாம் தூக்க மருந்து கொடுத்துட்டா?"

சென்னம்மா தன் காலைப் பார்த்தாள்.

"உடம்புல காய்ச்சலும் வீக்கமும் வலியும் அந்தக் குரைப்புத்தாம்மா. உங்க முட்டில இருந்த நாய் ஆள் தெரியாம வீட்டுக்காரங்களையே கடிச்சுது. அதுக்குன்னு வேற வைத்தியம் இருக்கு. இந்த மாத்திரை ஊர்ல இருக்கற எல்லா நாயையும் படுக்க வெச்சிடுச்சு. திருடன் சாவகாசமா முழங்கால் வரைக்கும் வந்திருக்கான். சர்க்கரையும் ஏத்தி விட்டிருக்கு, அது அவனுக்குச் சாப்பாடு."

"அதான் கேப்சூலு போட்டனே."

"எத்தனை?"

"ரெண்டு. அப்பறம் வேற கலர்ல ரெண்டு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கிருமியை மருந்து மட்டும் தனியா நின்னு கொல்லாதும்மா. மருந்து அடிச்சுப் போடும், மிச்சத்தை உடம்பு முடிக்கும். உங்க உடம்புல முடிக்க ஆள் கம்மி. நல்லா இருக்கறவங்களே சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடணும். உங்களுக்கு அதைவிட அதிக நாள் வேணும், ஊசியா வேணும். நீங்க ரெண்டு ரெண்டா போட்டு, எது செத்துப்போற கிருமியோ அதைக் கொன்னுட்டு, எது சாகாதோ அதை வளத்து வெச்சிருக்கீங்க."

"அப்ப அந்த வெள்ள மாத்திரய இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்."

"அதையும் செய்யாதீங்க. ஒரு வருஷமா வெளியில இருந்து வந்ததால, அந்தச் சத்தை உடம்பு தானா சுரக்கறதையே விட்டிருக்கும். சட்டுனு நிறுத்தினா மயங்கி விழுவீங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கணும். எப்ப, எவ்வளவுன்னு நான் சொல்றேன்."

விழுங்கக் கூடாதது, ஆனால் நிறுத்தவும் கூடாதது. குடும்ப வாழ்க்கையில் சென்னம்மாவுக்கு இது புரியாத விஷயம் இல்லை. தலையை ஆட்டினாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"காலு இருக்குமா?"

"திறந்து சீழை எடுத்துடறேன். சுண்டு விரல் நிக்காது. மிச்சம் இருக்குமா இல்லையான்னு நாலு நாள் கழிச்சுச் சொல்றேன்."

அன்றே காலைத் திறந்தார்கள். சீழை ஆய்வுக்கு அனுப்பினார்கள். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. சென்னம்மாவின் டப்பாவில் இருந்த எந்தக் கலருக்கும் அது அடங்காது. சந்திரசேகரின் கடையில் இருந்த பெரும்பாலான கலருக்கும் அடங்காது. அடங்குகிற ஒன்று இருந்தது. அதை ஊசியில் ஏற்றினார்கள்.

நாலாம் நாள் சின்னப்பட்டடையில் தீமிதி. கங்கையா மைக்செட் பக்கம் போகவில்லை. மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றான். முறை வந்ததும் குழியைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். "மூடாதடா, வழி தெரியாது" என்று பூசாரி அதட்டினார். திறந்தான். எல்லாரும் ஏழு எட்டு அடியில் கடக்கிற குழியை அவன் நாலே அடியில் கடந்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பாதி தூரம் அந்தரத்தில் போனான் என்று அவனுக்கு வேண்டாதவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் பால் குழியில் இறங்கியதும், அம்மன் பேரைச் சொல்லாமல், "சென்னி" என்று சொன்னதை இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்கிறது.

காப்பு அவிழ்ந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி, பாதத்தில் மஞ்சளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டில் பக்கத்தில் நின்றான். போர்வைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தைரியம் இல்லை.

"காலு கீதா?"

"எனக்கா, ஒனக்கா?" என்றாள் சென்னம்மா.

"எனக்குக் கீது."

"எனக்கும் கீது. காலைலதான் டாக்டரம்மா சொன்னாங்க. சுண்டு வெரலு மட்டும் போச்சி."

கங்கையா கொஞ்ச நேரம் யோசித்தான். "மெட்டி போடாத வெரலுதான?"

"அதான்."

"அப்ப பரவால்ல," என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். சுற்றுக்கு வந்த டாக்டர் அவனுடைய பாதத்தையும் பார்த்துவிட்டுப் போனார். ஒரு கொப்புளம்கூட இல்லை. அதைச் சென்னம்மாவால் கடைசி வரை நம்ப முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஊருக்கு வந்தாள். செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் பதினாலு நாளைக்கான கிருமி மாத்திரை அட்டை. பழைய கேப்சூல் டப்பாவைக் கங்கையா டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். நாலாம் நாள் கமலம்மா வந்தாள்.

"சென்னம்மாக்கா, பல்லு வலி உயிரு போவுது. புண்ணுதான் ஆறிட்ச்சே. அதுல ரெண்டு குட்."

"தர மாட்டேன்."

"இன்னாக்கா, ஒன்ன மடில போட்டுக்கினு திருப்பதிக்குத் தூக்கினு போனவ நானு."

"அதனாலதான் தர மாட்டேன். பல்லு டாக்டராண்ட நான் கூட வரேன், கெளம்பு."

கமலம்மா கோபித்துக்கொண்டு போனாள். தெரு முழுக்கச் செய்தி பரவியது. இருப்பதை இரண்டிரண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தவள் இப்படி மாறிவிட்டாளே என்றார்கள். சென்னம்மா பதினாலாம் நாளின் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலி அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வாழ்க்கையில் மருந்து அட்டை ஒன்று காலியாகி அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வெள்ளை மாத்திரை டாக்டர் சொன்னபடி மாதாமாதம் குறைந்தது. முட்டிக்கு வேறு வைத்தியம் தொடங்கினார்கள். வலி கொஞ்சம் திரும்பி வந்து, கொஞ்சம் போய், ஒரு மாதிரி சமாதானத்துக்கு வந்தது. தைப் பொங்கல் வாக்கில் இரண்டாவது தாடை காணாமல் போயிற்று. பங்குனியில் கன்ன எலும்பு வெளியே வந்தது. அவள் உடம்பு அத்தனை நல்ல நிலைக்கு வந்தது அந்த மாதத்தில்தான்.

ஊர் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தது.

"குவைத்துல இன்னா ஆச்சோ, பாவம். மூஞ்சி ஒட்டிப்போச்சி," என்றார்கள். குழாயடியில் அவள் குடம் மறுபடியும் வரிசையில் நின்றது. சென்னம்மாக்கா, சென்னம்மாவாகி, சித்திரையில் சென்னியானாள்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. கங்கையா பூத்துக்கு வெளியே நின்றான். உள்ளே சென்னம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மாத்திர தீந்திருக்குமே. இங்கேந்து ஒரு பொண்ணு வருது. குட்த்து வுடறேன்."

"எனக்கு வாணாம்." சென்னம்மாவுக்குச் சுவரில் இருக்கிற போட்டோ ஞாபகம் வந்தது. காரை யாரும் மறக்கவில்லை. அந்த முகம் ஏன் உருண்டது என்று யாரும் கேட்டதில்லை. "பச்ச, நீயும் அத்தத் துன்றியா?"

"தர தொடச்சித் தொடச்சி முட்டி போச்சிக்கா. அதான் மூணு வருசமா. இன்னாத்துக்குக் கேக்கற?"

சென்னம்மா சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"நான் சொல்றதக் கேளு. வூட்டுக்காரம்மாவ இட்டுக்கினு டாக்டராண்ட போ. மூணு வருசமா துன்றேன்னு சொல்லு, மறைக்காத. நீயா நிறுத்திடாத, மயங்கி வுழுந்துடுவ. ஒடம்புல எங்கனா சின்னதா புண்ணு வந்தாலும் காச்ச இல்லேன்னு சும்மா கெடக்காத. கேப்சூலு குட்த்தாங்கன்னா கடசி வரைக்கும் துன்னு. யாருக்கும் பங்கு போடாத."

"எனக்கு இன்னாக்கா, நல்லாத்தான் கீறேன். போட்டோல பாக்கல?"

"தெனம் பாக்கறேன். அதான் சொல்றேன். அடுத்த போட்டோவுல எனக்கு ஒன் கன்ன எலும்பு தெரியணும்."